மடித்துப் போட்ட சீட்டு

(தோட்டக் குடும்பங்களுக்கான மாதாந்தக் கூட்டத்தில் எங்கள் நலன்புரி நிதியத்தின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டங்களில் பிள்ளைகளின் போஷாக்கு, குடிதண்ணீர், சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ் என்று பேசுவோம். இன்று வோட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். யாருக்குப் போட வேணும் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது எங்கள் வேலையும் இல்லை. போட்ட வோட்டு யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

தேர்தல் வந்தால் லயத்துக்கு லயம் ஒரு பேச்சு கிளம்பும். "யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுமாம்." "மாத்திப் போட்டா வீட்டு லிஸ்டுல பேரை வெட்டிடுவாங்களாம்." "அந்தப் பக்கம் போட்டா அஸ்வெசும வராதாம்." இதைச் சொன்னவர் யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லாமே "ஆம்", "ஆம்" என்று முடியும் கதைதான். ஆனால் இந்த "ஆம்" ஒன்றுக்காகப் பயந்து, மனதில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் புள்ளடி போட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் போகாமலே வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

நம்ம தோட்டத்தில் எதிர்க்கட்சி என்றால் பாராளுமன்றத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சி மட்டுமல்ல. நாம் சந்தா கட்டும் சங்கம் எந்தக் கட்சியை ஆதரிக்கிறதோ, அதற்கு எதிரான எல்லாமே எதிர்க்கட்சிதான். ஆளும் கட்சிக்குப் போட்டால்கூடச் சில தோட்டங்களில் அது "எதிர்க்கட்சிக்குப் போட்ட வோட்டு" ஆகிவிடும். ஆகவே இந்தப் பயம் ஒரு கட்சியைச் சேர்ந்தது அல்ல. இன்று ஒருவர் பயப்படுவார், நாளைக்கு மற்றவர் பயப்படுவார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை

பயப்படுகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. நகரத்தில் இருப்பவருக்கு வேலை கொடுப்பவர் ஒருவர், வீட்டு வாடகை வாங்குபவர் வேறொருவர். இரண்டு பேருக்கும் அவர் யாருக்கு வோட்டுப் போட்டார் என்ற கவலை இருக்காது. நமக்கு அப்படியில்லை. வேலையும் தோட்டத்திடம், காம்பராவும் தோட்டத்திடம். கூரைத் தகரம் மாற்ற வேணுமென்றாலும் ஆபீசுக்குத்தான் போக வேணும். பிணக்கு வந்தால் தலைவர் வந்து பேச வேணும். இத்தனைக்கும் மற்றவர் கையைப் பார்த்து வாழும் போது, அவர்கள் முகம் கோணாமல் நடக்க வேணும் என்று தோன்றுவது இயற்கை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். இரகசிய வாக்கெடுப்பு என்ற முறை யாருக்காக உண்டாக்கப்பட்டது? சொந்தக் காணி, சொந்த வீடு, கையில் காசு உள்ளவனுக்கு அது அவ்வளவு அவசியமில்லை. மற்றவர் காணியில், மற்றவர் வீட்டில் இருந்துகொண்டு வோட்டுப் போடுகிறவனுக்குத்தான் அது தேவை. நம்மைப் போன்றவர்கள் பட்ட கஷ்டத்தில் இருந்துதான் அந்தச் சட்டம் பிறந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

வீட்டை விட்டு விரட்டப்பட்ட வேல்ஸ் மக்கள்

1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று நமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1868இல், பிரித்தானியாவில் ஒரு பொதுத் தேர்தல் நடந்தது. நமக்குத் துரைமார் வந்த அந்த நாட்டில் அன்று வாக்குச்சீட்டே கிடையாது. வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் போய், தான் விரும்பும் வேட்பாளரின் பெயரை வாயால் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைப் புத்தகத்தில் பதிவார். யார் யாருக்குப் போட்டார் என்ற அந்தப் புத்தகத்தை அச்சடித்து விற்றதும் உண்டு.

வேல்ஸ் என்ற பகுதியில் ஏழை விவசாயிகள் பெரிய பிரபுக்களின் காணியில் குடியிருந்தார்கள். காணியும் பிரபுவுடையது, வீடும் பிரபுவுடையது. பிரபு ஒரு கட்சி. குடியானவர்களில் பலர் வேறு கட்சிக்கு வாக்களித்தார்கள். அதுவும் பிரபுவின் ஆட்கள் கேட்கும்படி வாயால் சொல்லி. தேர்தல் முடிந்தது. கார்டிகன்ஷயர், கார்மாதன்ஷயர் என்ற மாவட்டங்களில் அப்படி வாக்களித்த குடும்பங்களுக்கு வீட்டைக் காலி செய்யும்படி அறிவித்தல் வந்தது. பரம்பரையாக உழுத நிலத்தை விட்டுச் சாமான் சட்டியோடு வெளியேறினார்கள்.

நாடெங்கும் இந்தச் செய்தி பரவியது. விரட்டப்பட்டவர்களுக்காக மக்கள் நிதி சேர்த்தார்கள். பாராளுமன்றத்தில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, இது போன்ற அநியாயங்களைப் பற்றிச் சாட்சியம் எடுக்கப்பட்டது. முடிவில் 1872ஆம் ஆண்டு வாக்குச்சீட்டுச் சட்டம் வந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் 1856இலேயே தொடங்கிவிட்ட முறை அது. அரசாங்கமே அச்சடித்த சீட்டு, மறைவான இடம், மடித்துப் போடும் பெட்டி. அதே 1872 ஆகஸ்டில் பொன்டிஃபிராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில்தான் பிரித்தானியாவில் முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்கு இரகசியமாக வாக்களித்தார்கள். அந்தப் பெட்டி இன்றும் அந்த ஊர் நூதனசாலையில் இருக்கிறது.

இன்னொரு நாட்டைப் பாருங்கள். தென் அமெரிக்காவில் சிலி. அங்கே பெரிய பண்ணைகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கி வேலை செய்தவர்களை இன்கிலினோ என்பார்கள். இருக்க வீடும் பயிர் செய்யத் துண்டு நிலமும் பண்ணைக்காரர் கொடுப்பார். அங்கே சீட்டு இருந்தது, ஆனால் அதை அச்சடித்தவை கட்சிகள். பண்ணைக்காரர் தன் கட்சிச் சீட்டைத் தொழிலாளி கையில் கொடுத்து வாக்களிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடுவார். 1958இல் சட்டம் மாறியது. எல்லா வேட்பாளர்களும் உள்ள ஒரே சீட்டை அரசாங்கமே அச்சடித்து, நிலையத்துக்குள் வைத்துக் கொடுத்தது. அதன் பிறகு, இன்கிலினோக்கள் அதிகமாக இருந்த பகுதிகளில் பண்ணைக்காரர்களின் கட்சிகளுக்கு விழுந்த வாக்கு குறைந்தது. சட்டம் மாறிய அன்று அந்த மக்களின் மனம் மாறவில்லை. மனதில் முன்பே இருந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான்.

நமது கதை

நமக்கும் வோட்டு சும்மா கிடைத்தது அல்ல. 1931இல் இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்தியாவில் இருந்து வந்த நம் மக்களுக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு நிபந்தனைகள் போட்டார்கள். அதையும் தாண்டி 1931இல் ஹட்டனில் இருந்து பெரி சுந்தரமும், 1936இல் கோ. நடேசய்யரும் அரசாங்க சபைக்குப் போனார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு அரசாங்கத்துக்கு எதிரான இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தது.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். பிரசையாக இல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். நம் மக்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரே அடியில் நாடற்றவர்களானார்கள். 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1986, 1988, கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று படிப்படியாகத்தான் பறிபோனது திரும்பி வந்தது. ஒரு தலைமுறை பிறந்து, கொழுந்து பறித்து, வோட்டே போடாமல் மண்ணுக்குள் போய்விட்டது.

சில பெரியவர்கள் எங்களிடம் கேட்பார்கள்: "அன்னைக்கு எதிர்க்கட்சிக்குப் போட்டதாலதானே புடுங்குனாங்க? இப்பவும் பயந்துதானே இருக்கணும்?" நியாயமான கேள்வி. தோட்ட மக்களின் வாக்கு எதிர்ப்பக்கம் போனதும் அந்தச் சட்டங்களுக்கு ஒரு காரணம் என்று வரலாறு எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். ஆனால் நன்றாகக் கவனியுங்கள். அன்று ராமசாமி யாருக்குப் போட்டார், மீனாட்சி யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடித்து அவர்களை மட்டும் தண்டிக்கவில்லை. யார் எப்படிப் போட்டிருந்தாலும் எல்லோரையும் சேர்த்துத்தான் வெட்டினார்கள். அரசாங்கக் கட்சிக்குப் போட்டவருக்கும் பிரசாவுரிமை போனது. பயந்து போட்ட வோட்டு ஒருவரையும் காப்பாற்றவில்லை. பிறகு நம்மைக் காப்பாற்றியது ஒன்றாகச் சேர்ந்து பேசியதும், விடாமல் கேட்டதும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இனி வாக்களிப்பு நிலையத்துக்குள் போவோம். எது தெரியும், எது தெரியாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீங்கள் உள்ளே போனதும் அடையாள அட்டையைப் பார்த்து, உத்தியோகத்தர் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசிப்பார். அங்கே கட்சிகளின் முகவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தங்கள் லிஸ்டில் உங்கள் பெயருக்குக் கோடு போடுவார்கள். பல பேருக்குப் பயம் வரும் இடம் இதுதான். "ஐயோ, எழுதிட்டாங்களே!" என்று. அவர்கள் எழுதுவது நீங்கள் வந்தீர்கள் என்பதை மட்டும். உங்கள் பெயரில் வேறொருவர் கள்ள வோட்டுப் போடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. யாருக்குப் போடப் போகிறீர்கள் என்பது அந்த லிஸ்டில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் இன்னும் போடவேயில்லை.

பிறகு விரலில் மை பூசுவார்கள். முத்திரை குத்திய சீட்டைத் தருவார்கள். மறைப்புக்குள் நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும். கணவர், தலைவர், முகவர், பொலிஸ் ஒருவரும் கூட வர முடியாது. கண் பார்வையில்லாதவர், அங்கவீனமுள்ளவர் உதவிக்கு ஒருவரைக் கூட்டிப்போகச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதுவும் அவர் விருப்பத்துக்கு. மற்றவர்களுக்கு அந்த ஒரு நிமிஷம் முழுக்க முழுக்கத் தனிமை. புள்ளடி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

சீட்டில் உங்கள் பெயரோ கையெழுத்தோ போடாதீர்கள். வாக்காளர் யார் என்று அடையாளம் காணும்படி ஏதாவது எழுதியிருந்தால் அந்தச் சீட்டையே சட்டம் தள்ளிவிடுகிறது. நாமாக விரும்பி "இது நான்தான்" என்று எழுதினாலும் செல்லாது. அவ்வளவு கண்டிப்பாக இரகசியத்தைக் காக்கிறது சட்டம்.

வாக்களிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவர்களும் முகவர்களும் எண்ணுகிறவர்களும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். மீறினால் குற்றம். எண்ணி முடிந்ததும் சீட்டுகளும் அடிக்கட்டைகளும் பொதிகளாகக் கட்டி முத்திரையிடப்படும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அவற்றை யாரும் திறந்து பார்க்க முடியாது. மந்திரியாலும் முடியாது, துரையாலும் முடியாது, எங்களாலும் முடியாது.

நமது அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரை, ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் சுதந்திரமாகவும் சமமாகவும் இரகசிய வாக்கினாலும் நடக்க வேண்டும் என்கிறது. 1998இல் மத்திய, ஊவா, சப்ரகமுவ உட்பட 5 மாகாண சபைகளின் தேர்தல்கள் தள்ளிப்போடப்பட்டபோது வழக்கு ஒன்று உயர் நீதிமன்றம் போனது. 1999இல் வந்த தீர்ப்பில், வோட்டுப் போடுவதும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தில் அடங்கும் என்றும், சத்தமில்லாமல் இரகசியமாகப் போடும் வாக்கு மேடைப் பேச்சுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்றும் நீதியரசர்கள் கருதினார்கள். மேடை ஏறிப் பேசத் தெரியாத நம்ம அம்மாமாருக்கு அந்த மறைப்புதான் மேடை.

"தெரிஞ்சுடும்" என்று ஏன் சொல்கிறார்கள்?

"அப்படியானா போன முறை நம்ம லயத்துல இத்தனை வோட்டு மாறிப் போச்சுன்னு தலைவர் சரியாச் சொன்னாரே?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் சொல்வது கணக்கு. யார் கூட்டத்துக்கு வந்தார்கள், யார் கொடி கட்டினார்கள், யார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பார்த்துப் போடும் கணக்கு. அதில் ஊகம் பாதி, மிரட்டல் பாதி.

பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல்களில் வெளியிடப்படும் முடிவு தொகுதி வாரியானது. நுவரெலியா மாவட்டம் என்றால் நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. உங்கள் லயத்துக்கென்று ஒரு முடிவு கிடையாது. உள்ளூராட்சித் தேர்தலில் வட்டாரம் வாரியாக முடிவு தெரியும், அது உண்மை. ஆனால் வட்டாரத்தில் இத்தனை வாக்கு என்று தெரியுமே தவிர, அது எந்தக் காம்பராவில் இருந்து வந்தது என்று தெரியாது.

இரகசியத்தை உடைக்க முடியாதவர்கள்தான், உடைத்துவிட்டதாகக் கதை கட்டுகிறார்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வழியிருந்தால் ஒருவரும் வந்து மிரட்ட மாட்டார். தேர்தல் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே! தெரியாத காரணத்தால்தான் முன்கூட்டியே வந்து பயமுறுத்த வேண்டியிருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மிரட்டல் இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. 1982 டிசம்பர் 22இல் விளக்கு, குடம் என்ற இரண்டு சின்னங்களை வைத்துச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தபோதும் வாக்காளர்கள் மிரட்டப்பட்டதாக நாடெங்கும் முறைப்பாடுகள் எழுந்தன. தோட்டத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கூனிக்குறுக வேண்டாம்.

இப்போது புதிதாக ஒரு வழி வந்திருக்கிறது. கைத்தொலைபேசி. "உள்ள போயி சீட்டைப் படம் புடிச்சு அனுப்பு, காசு தர்றோம்" என்று பையன்களிடம் சொல்கிறார்களாம். வாக்களிப்பு நிலையத்துக்குள் தொலைபேசி பாவிப்பதும் படம் எடுப்பதும் தடை. படம் எடுக்கிற பழக்கம் வந்துவிட்டால், படம் காட்டாத எல்லோர் மீதும் சந்தேகம் விழும். ஒருவர் விற்கும் இரகசியம் அவருடையது மட்டுமல்ல, பக்கத்துக் காம்பராவின் இரகசியமும்தான். தம்பிமார் இதை மனதில் வைக்க வேணும்.

கற்பூரமும் போத்தலும் தகரமும்

இன்னொரு விஷயம் சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. ஆனாலும் சொல்லத்தான் வேணும். கோயில் முன்னால் கூட்டி வைத்துக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்குவது. "சாமி கண்ணைக் குத்திடும், அதனால மாத்திப் போட முடியல" என்று சொன்னவர்களை நாங்கள் அறிவோம்.

தேர்தல் சட்டத்தில் தகாத செல்வாக்கு என்று ஒரு குற்றம் இருக்கிறது. அடிப்பேன், வேலையை நிறுத்துவேன், வீட்டைப் பறிப்பேன் என்று வாக்குக்காகப் பயமுறுத்துவது மட்டும் அதில் வரவில்லை. ஆன்மீக ரீதியாகத் தீங்கு வரும் என்று பயமுறுத்துவதும் அதில் அடங்கும். சாமி பேரைச் சொல்லிப் பயமுறுத்துவது சட்டப்படி குற்றம். பயமுறுத்தி வாங்கிய சத்தியம் மாரியம்மனுக்குப் போய்ச் சேராது என்பதே எங்கள் கருத்து. கோயில் கமிட்டி ஐயாமாரிடம் ஒரு வேண்டுகோள்: சந்நிதியை இந்தக் காரியத்துக்கு விடாதீர்கள்.

அடுத்தது போத்தல், சேலை, தகரம், பணம். வாக்குக்காகக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனால் நம்ம ஆட்கள் மனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. "உப்பைத் தின்னுட்டோமே, துரோகம் பண்ணலாமா?" என்கிறார்கள். கர்ணனின் செஞ்சோற்றுக் கடனைக் கதையிலும் கூத்திலும் கேட்டு வளர்ந்த சனம் நாம். ஆனால் துரியோதனன் தன் நாட்டில் இருந்து கொடுத்தான். இங்கே அரசாங்கத் திட்டத்தில் வந்த தகரத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டு "நான் தந்தேன்" என்கிறார்கள். அது யார் வீட்டுக் காசு? நாம் கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வரியும் அதில் இருக்கிறது. நம்ம உப்பை நமக்கே கொடுத்துவிட்டுக் கடன் என்று சொன்னால் எப்படி?

அஸ்வெசும அரசாங்கக் கொடுப்பனவு. கொடுப்பதும் மறுப்பதும் குடும்ப நிலைமையைப் பார்த்துச் செய்ய வேண்டியது. யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தப்படுத்திப் பேசினால் அதுவே முறைப்பாடு செய்ய வேண்டிய விஷயம்.

சங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சங்கம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளத்துக்கும் பிரசாவுரிமைக்கும் சங்கங்கள் பட்ட பாட்டை மறக்கக் கூடாது. ஆனால் சந்தா வேறு, வாக்கு வேறு. சந்தா கட்டுவது வேலைத்தளத்தில் நமக்காகப் பேச. அதோடு சேர்த்து நம்ம புள்ளடியையும் எழுதிக் கொடுக்கவில்லை. நல்ல தலைவர் என்றால் "என் ஆட்கள் விரும்பினபடி போடட்டும், நான் வேலையைக் காட்டி வாக்குக் கேட்கிறேன்" என்பார். அப்படிச் சொல்லும் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் மரியாதை.

வீட்டுக்குள்ளும் இரகசியம்தான்

வெளியில் இருந்து வரும் பயத்தை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது பாதிப் பேச்சு. நம்ம வீடுகளில் என்ன நடக்கிறது? "எந்தச் சின்னத்துக்குப் போட்டே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். மருமகளிடம் மாமனார் கேட்பார். முதல் தடவை வாக்களிக்கும் மகளுக்கு அப்பா சின்னத்தைக் கையில் எழுதி அனுப்புவார். மலையில் முழு நாளும் நின்று கொழுந்து பறித்து வீட்டைத் தாங்குகிற பெண், தன் புள்ளடிக்கு மட்டும் உத்தரவு கேட்க வேண்டுமா?

ஆண்களிடம் அன்பாகச் சொல்கிறோம். வீட்டில் அரசியல் பேசுங்கள். எது நல்லது, எது கெட்டது என்று வாதாடுங்கள். ஆனால் போட்டு வந்த பிறகு கேட்காதீர்கள். கேள்வி கேட்கிற பழக்கம் வீட்டில் தொடங்கினால், லயத்துக்குப் போகும், பிறகு பிரட்டுக்களத்துக்குப் போகும். வீட்டிலேயே கேட்கக் கூடாது என்ற பழக்கம் வந்துவிட்டால் வெளியாளுக்குக் கேட்கத் துணிவு வராது.

யாராவது வற்புறுத்திக் கேட்டால் என்ன சொல்வது? பொய் சொல்ல வேண்டியதில்லை. சண்டையும் வேண்டாம். சிரித்த முகத்தோடு, "புள்ளடி போட்டாச்சு, மடிச்சுப் போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் யாரையும் தனியாகப் பிடிக்க முடியாது. உங்கள் ஆளுக்கே போட்டிருந்தாலும் இதே பதிலைச் சொல்லுங்கள். பயமில்லாதவர் சொல்லும் அந்தப் பதில், பயப்படுகிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு மறைப்பாக நிற்கும்.

செய்ய வேண்டியவை

வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். வாக்காளர் அட்டை கிடைக்கவில்லை அல்லது யாரோ வாங்கி வைத்துக்கொண்டார் என்றாலும் பயப்பட வேண்டாம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்து, அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் தற்காலிக அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடம் நேரத்தோடு விண்ணப்பியுங்கள்.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு எழுதுங்கள், பேசுங்கள். வாக்களிக்கச் சம்பளத்துடன் லீவு கொடுக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தேர்தல்களில் தனியார் துறைக்கு அறிவித்தபடி, 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல் 2 நாள். லீவை எழுத்தில் கேட்க வேண்டும்.

யாராவது மிரட்டினால் நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் முறைப்பாட்டு நிலையத்துக்கோ பொலிசுக்கோ அறிவிக்கலாம். பெவ்ரல் போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளும் முறைப்பாடு எடுக்கின்றன. தனியாகப் போகப் பயமென்றால் நாலைந்து பேராகப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் உத்தியோகத்தர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் யாருக்கு வோட்டு என்று அவர்களும் கேட்க மாட்டார்கள். கேட்டால் எங்களுக்கு அறிவியுங்கள்.

இரகசிய வாக்கு எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. காம்பராவும் காணியும் நம்ம பெயரில் உறுதியோடு வரும் நாள் வரை இந்தப் பயத்தின் வேர் முழுவதும் அறாது. அதற்கும் சேர்ந்து பேச வேண்டும், கேட்க வேண்டும். ஆனால் அந்த நாள் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே நம்ம கையில் இருக்கும் ஒன்று அந்த மடித்த சீட்டு. நம் தாத்தா பாட்டி பலருக்கு அது கிடைக்கவேயில்லை.

ஆகவே அடுத்த தேர்தலன்று நேரத்தோடு எழும்பி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு, வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். யோசித்துப் போடுங்கள். விரும்பினவருக்குப் போடுங்கள். மடித்துப் போடுங்கள். வந்து வாயைத் திறக்காதீர்கள்.